ஒப்பந்தம் முடியும் முன்பே மொபைல் கட்டணம் உயர்ந்தால்: பிரிட்டனில் உங்கள் உரிமைகள், ஒவ்வொரு படியாக

மார்ச் மாதத்தில் அந்தச் செய்தி வரும். ஏப்ரலிலிருந்து உங்கள் மாதக் கட்டணம் இவ்வளவு கூடுகிறது, நீங்கள் எதுவும் செய்யவேண்டியதில்லை என்று. படித்ததும் சிலர் 'கையெழுத்துப் போட்டாயிற்று, இனி என்ன செய்ய' என்று விட்டுவிடுகிறார்கள். சிலர் கோபத்தில் வங்கிச் செயலியைத் திறந்து டைரக்ட் டெபிட்டை, அதாவது பில் தொகை கணக்கிலிருந்து தானாகப் போகும் ஏற்பாட்டை, நிறுத்திவிடுகிறார்கள். முதல் வழியில் பணம் போகும். இரண்டாவது வழியில் பணத்தோடு கடன் வரலாறும் போகும்: நிலுவை 'டிஃபால்ட்' என்று பதிவானால் அது 6 வருடம் அழியாது, வீட்டுக் கடன் கேட்கப் போகும் நாளில் முன்னே வந்து நிற்கும். ஆகவே டைரக்ட் டெபிட்டில் கை வைக்கவேண்டாம். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

அபராதம் கட்டாமல் வெளியேற முடியுமா என்பதை உயர்வு எவ்வளவு பெரியது என்பது தீர்மானிப்பதில்லை. நீங்கள் ஒப்பந்தம் போட்டபோதே அந்த உயர்வு உங்களுக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டதா என்பதுதான் கேள்வி. சொல்லப்பட்டிருந்தால், அது எவ்வளவு கசப்பாக இருந்தாலும், நீங்கள் ஒப்புக்கொண்ட விலை. சொல்லப்படாத ஒரு பென்ஸ் கூடினாலும் அது ஒப்பந்த மாற்றம், வெளியேறும் உரிமை உங்களுக்கு உண்டு.

விதிகள் எப்படி மாறின

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், 2014 ஜனவரி 23-க்குப் பிறகு போடப்பட்ட ஒப்பந்தங்களில், முன்கூட்டிச் சொல்லாத மாதக் கட்டண உயர்வு வந்தால் வாடிக்கையாளர் அபராதமின்றி விலகலாம் என்றது. நிறுவனங்கள் அதற்கு ஒரு வழி கண்டன. ஒவ்வோர் ஆண்டும் பணவீக்கத்தோடு 3.9 சதவீதம் சேர்த்து உயர்த்துவோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டன. 2023 ஏப்ரலில் அதன் விளைவு தெரிந்தது. நுகர்வோர் விலைக் குறியீடு 10.5% இருந்ததால் உயர்வு 14.4% ஆயிற்று. சில்லறை விலைக் குறியீட்டை வைத்துக் கணக்கிட்ட ஒப்பந்தங்களில் அது 17.3% வரை போனது. அடுத்த வருடப் பணவீக்கம் என்னவென்று யாராலும் சொல்ல முடியாது. அப்படியிருக்க, அதை வைத்து எழுதிய விலையை வாடிக்கையாளர் புரிந்துகொண்டு ஒப்புக்கொண்டார் என்று சொன்னதே நியாயமில்லை.

ஆஃப்காம் 2024 ஜூலையில் அதற்குத் தடை அறிவித்தது. 2025 ஜனவரி 17 முதல் போடப்படும் புதிய ஒப்பந்தங்களில் பணவீக்கம், சதவீதம் என்ற பேச்சே இருக்கக்கூடாது. உயர்வு இருந்தால் எத்தனை பவுண்ட், எத்தனை பென்ஸ், எந்த மாதம் என்று வாங்குமுன்பே சொல்லவேண்டும்.

கவனியுங்கள், உயர்வுக்குத் தடை வரவில்லை. தெளிவில்லாத உயர்வுக்குத்தான் தடை வந்தது. இதைப் புரிந்துகொள்ளாமல் 'இப்போது நடுவில் ஏற்றக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டதே' என்று வாடிக்கையாளர் சேவையோடு வாதாடுவதில் பயனில்லை.

படி 1: இரண்டு ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

முதல் ஆவணம், உயர்வை அறிவித்த செய்தி. குறுஞ்செய்தி, மின்னஞ்சல், செயலி அறிவிப்பு, கடிதம் எதுவானாலும் வந்த தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். செயலிக்குள் வரும் அறிவிப்புகள் சில நாளில் காணாமல் போகலாம்.

இரண்டாவது, ஒப்பந்தச் சுருக்கம். 2022 ஜூன் 17 முதல், ஒப்பந்தம் போடுமுன் இந்தச் சிறிய ஆவணத்தைத் தருவது நிறுவனங்களின் கடமை. விலை, காலம், வெளியேறும் நிபந்தனைகள் எல்லாம் அதில் இருக்கும். வாங்கிய அன்று வந்த மின்னஞ்சலில் இணைப்பாகத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கணக்கிலிருந்து இறக்கலாம், அல்லது மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

தேதியில்தான் பலர் தவறுகிறார்கள். 'நான் இந்த நெட்வொர்க்கில் பத்து வருடமாக இருக்கிறேன்' என்பது முக்கியமல்ல. கடைசியாக எப்போது அப்கிரேட் செய்தீர்கள், எப்போது புதுப் பிளானுக்கு ஒப்புக்கொண்டீர்கள் என்பதே உங்கள் ஒப்பந்தத் தேதி. தொலைபேசியில் 'சரி, அந்த ஆஃபரைப் போடுங்கள்' என்று சொன்ன அழைப்பும் புது ஒப்பந்தமாக இருக்கலாம். குடும்பத்தில் நான்கு சிம் ஒரே கணக்கில் இருந்தால் நான்குக்கும் நான்கு தேதி இருக்கலாம். தனித்தனியாகப் பாருங்கள்.

படி 2: எண்ணைச் சரிபாருங்கள்

அறிவிப்பில் உள்ள தொகையும் ஒப்பந்தச் சுருக்கத்தில் உள்ள தொகையும் ஒன்றா? மாதம் ஒன்றா? இரண்டும் பொருந்தினால் இலவசமாக வெளியேறும் உரிமை இல்லை, நேராகப் படி 4-க்குப் போங்கள். பொருந்தாவிட்டால், அல்லது சுருக்கத்தில் உயர்வைப் பற்றி எதுவுமே இல்லாவிட்டால், உரிமை உண்டு.

2025 ஜனவரி 17-க்கு முந்தைய ஒப்பந்தமாக இருந்தால் சதவீதக் கணக்கு இன்னும் செல்லும். அப்போதும் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். உதாரணமாக 2024 டிசம்பர் பணவீக்கம் 2.5%. அதோடு 3.9 சேர்த்தால் 2025-க்கான உயர்வு 6.4%. பில்லில் அதைவிடக் கூடுதலாக வந்திருந்தால் அது ஒப்பந்தத்தில் சொன்ன உயர்வு அல்ல.

இங்கே குழப்பும் விஷயம் ஒன்று உண்டு: சலுகை முடிவது. 28 பவுண்ட் பிளானை முதல் 12 மாதம் 20 பவுண்டுக்குக் கொடுத்திருந்தால், 13-வது மாதம் பில் 8 பவுண்ட் எகிறும். அது விலை உயர்வு அல்ல, தள்ளுபடி தீர்ந்துபோனது. இரண்டும் ஏப்ரலில் சேர்ந்து வந்தால் பில்லைப் பார்த்து எது எது என்று பிரிப்பது கடினம், வரிவரியாகப் பாருங்கள்.

சுருக்கத்தில் எழுதிய தொகையையே நிறுவனம் பிறகு மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 2025 அக்டோபரில் ஓ2 நிறுவனம் எடுத்த முடிவு நல்ல எடுத்துக்காட்டு. மாதம் 1.80 பவுண்ட் என்று சொல்லியிருந்த ஆண்டு உயர்வை, ஒப்பந்தத்தில் ஏற்கெனவே இருந்தவர்களுக்கும் 2.50 பவுண்டாக்குவதாக அறிவித்தது. கூடுதலாக வந்தது 70 பென்ஸ்தான். ஆனால் அது சொல்லப்படாத 70 பென்ஸ். அதனால் 30 நாளுக்குள் அபராதமின்றி விலகும் உரிமையை நிறுவனம் தரவேண்டியிருந்தது. இது விதிகளின் நோக்கத்துக்கு எதிரானது என்று ஆஃப்காம் வெளிப்படையாகவே அதிருப்தி தெரிவித்தது.

படி 3: உரிமை இருந்தால் வெளியேறும் வரிசை

ஒப்பந்த மாற்றத்தைக் குறைந்தது ஒரு மாதம் முன்பே அறிவிக்கவேண்டும். அறிவிப்பிலேயே விலகும் உரிமையைச் சொல்லவும் வேண்டும். அறிவிப்பு வந்த நாளிலிருந்து குறைந்தது ஒரு மாதம் உங்களுக்கு அவகாசம் இருக்கும். கடிகாரம் அறிவிப்பு வந்த நாளிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. உயர்ந்த பில் கையில் கிடைக்கும்வரை காத்திருந்தவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள், அப்போது அவகாசம் முடிந்திருக்கும்.

வரிசை மாறினால் பணம் இழப்பீர்கள், சில சமயம் எண்ணையே இழப்பீர்கள். இப்படிப் போங்கள்:

முதலில் எண் மாற்றக் குறியீட்டை (அதே எண்ணோடு வேறு நெட்வொர்க்குக்குப் போக உதவும் குறியீடு) எடுக்காமல், ஒப்பந்தத்தை உடைத்தால் எவ்வளவு கட்டவேண்டும் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 'இன்ஃபோ' (INFO) என்ற ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துகளையும் தட்டி 85075 என்ற எண்ணுக்கு இலவசமாக அனுப்பினால், முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம் உங்களுக்குக் குறுஞ்செய்தியாக வரும். இதனால் எதுவும் ரத்தாகாது.

அந்தத் தொகை பூஜ்யம் இல்லையென்றால் வாடிக்கையாளர் சேவையை அழையுங்கள், அல்லது முடிந்தால் சாட்டில் எழுதுங்கள். சாட் நல்லது, எழுத்து மிஞ்சும். கேட்கவேண்டியது ஒன்றுதான்: 'இந்தத் தேதியில் வந்த விலை மாற்ற அறிவிப்பின்படி என் ரைட் டு எக்ஸிட்டைப் பயன்படுத்துகிறேன், முன்கூட்டி முடிக்கும் கட்டணம் இல்லை என்று எழுத்தில் உறுதி செய்யுங்கள்.' 'ரைட் டு எக்ஸிட்' என்ற சொல்லையே பயன்படுத்துங்கள், அவர்களுக்குப் பழகிய சொல் அதுதான். 'கேன்சல் செய்யுங்கள்' என்று மட்டும் சொன்னால் அழைப்பு வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் பிரிவுக்குப் போய், புது ஆஃபரில் முடியும். அந்த ஆஃபருக்குத் தலையாட்டினால் புது ஒப்பந்தம் தொடங்கிவிடும், இந்த உரிமையும் அதோடு போய்விடும்.

எழுத்தில் உறுதி வந்தபின் எண் மாற்றக் குறியீடு. 'பேக்' (PAC) என்பதன் மூன்று ஆங்கில எழுத்துகளை, அந்த சிம்மிலிருந்தே, 65075-க்கு அனுப்புங்கள். ஒரு நிமிடத்துக்குள் குறியீடு வரும், 30 நாள் செல்லும். எண்ணே வேண்டாமென்றால் 'ஸ்டேக்' (STAC) என்பதன் நான்கு எழுத்துகளை 75075-க்கு அனுப்பவேண்டும். குறியீட்டைப் புது நெட்வொர்க்கிடம் கொடுத்தால் ஒரு வேலைநாளில் எண் மாறும், பழைய ஒப்பந்தம் தானாக முடியும். 2019 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள முறை இது. மாறிய நாளுக்குப் பிந்தைய நோட்டீஸ் காலத்துக்குப் பணம் கேட்கவும் கூடாது.

குறியீடு எடுக்காமல் இணைப்பை நேரடியாகத் துண்டிக்கச் சொல்லிவிடாதீர்கள். இணைப்பு செத்தபின் எண்ணை மீட்பது பெரும் பாடு. வங்கி, மருத்துவமனை, குழந்தையின் பள்ளி எல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கும்.

அவகாசத்துக்குள் அறிவித்தால் மட்டும் போதுமா, மாறியும் முடிக்கவேண்டுமா என்ற சர்ச்சைக்கே இடம் தரவேண்டாம். இரண்டையும் அந்த ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். டைரக்ட் டெபிட்டைக் கடைசி பில் தீரும்வரை விட்டுவையுங்கள். அந்தக் கடைசி பில்லில் முன்கூட்டி முடிக்கும் கட்டணம் ஒட்டிக்கொண்டு வருவது உண்டு. கணினி தானாகப் போடும் கட்டணம் அது, உங்கள் கையில் உள்ள எழுத்து உறுதிதான் அதை நீக்கும்.

கைபேசியின் கதை தனி. கைபேசிக்கான தவணையும் சேவைக்கான கட்டணமும் வெவ்வேறு ஒப்பந்தமாக இருந்தால், சேவையிலிருந்து இலவசமாக விலகினாலும் கைபேசிக்கு மீதமுள்ள தொகையைக் கட்டித்தான் ஆகவேண்டும். மேலே சொன்ன ஓ2 விஷயத்திலும் அப்படித்தான். மீதம் 500 பவுண்ட் இருக்கையில் மாதம் 70 பென்ஸுக்காக விலகுவது புத்திசாலித்தனமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தவணை ஏறக்குறைய முடியும் நிலையில் இருந்தால் தயங்கவேண்டாம். 2021 டிசம்பர் 17 முதல் நெட்வொர்க்குகள் தங்கள் சிம்மில் மட்டும் வேலை செய்யும்படி பூட்டிய கைபேசியை விற்கக்கூடாது. அதற்கு முன் வாங்கியதென்றால் விலகுமுன் பூட்டை நீக்கச் சொல்லுங்கள்.

சிறு கடை, அலுவலகம் நடத்துபவர்கள் 'பிசினஸ் ஒப்பந்தத்துக்கு இது பொருந்தாது' என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். 10 பேர் அல்லது அதற்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் சிறு நிறுவனங்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

படி 4: உரிமை இல்லாவிட்டால்

பெரும்பாலோர் இந்த நிலையில்தான் இருப்பார்கள். அப்போதும் சில கதவுகள் திறந்தே இருக்கின்றன.

வாங்கி 14 நாள் ஆகவில்லையா? இணையத்திலோ தொலைபேசியிலோ போட்ட ஒப்பந்தமென்றால், காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். கடையில் நேரில் வாங்கியதற்கு இந்த உரிமை சட்டப்படி இல்லை.

ஒப்பந்தக் காலம் ஏற்கெனவே முடிந்துவிட்டதா? பலருக்கு இது தெரிவதே இல்லை. முடிவதற்கு 10 முதல் 40 நாளுக்கு முன் நிறுவனம் ஓர் அறிவிப்பு அனுப்பவேண்டும் என்பது 2020 பிப்ரவரி முதல் உள்ள விதி. விளம்பரம் என்று நினைத்து அழித்திருப்போம். முடிந்திருந்தால் எந்த அபராதமும் இல்லை, இன்றே மாறலாம். கைபேசிக்கான விலையையும் சேர்த்துப் போட்ட பழைய வகை ஒப்பந்தத்தில், காலம் முடிந்த பிறகும் கைபேசிக்காகவே மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பெற்றோரின் பில்லை ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

இன்னும் சில மாதம்தான் பாக்கியென்றால் 85075-க்கு அனுப்பி வந்த தொகையையும், புது மலிவுப் பிளானில் மிச்சமாவதையும் எடைபோடுங்கள். 30 பவுண்ட் பிளானில் மூன்று மாதம் பாக்கி, வெளியே 8 பவுண்டுக்குக் கிடைக்கிறது என்றால், அங்கே போனால் மாதம் 22 வீதம் 66 பவுண்ட் மிச்சம். முடிக்கும் கட்டணம் அதைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் மாறுவதில் அர்த்தம் உண்டு. பெரும்பாலும் இருக்காது.

உள்ளே இருந்தபடியே குறைக்கவும் வழியுண்டு. கூடுதல் காப்பீடு, இசைச் சந்தா போன்ற இணைப்புகளை நீக்குங்கள். டேட்டா எவ்வளவு செலவாகிறது என்று கடைசி மூன்று பில்லில் பாருங்கள், நடுவிலேயே சிறிய பிளானுக்கு இறங்க அனுமதிக்கும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் இறங்கும்போது காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறதா என்று கட்டாயம் கேளுங்கள். பில்லுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதியையும், 2018 அக்டோபருக்குப் பிறகு போட்ட அல்லது புதுப்பித்த ஒப்பந்தங்களில் கேட்டுப் பெறலாம். யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்குபவர்களுக்குச் சில நிறுவனங்கள் குறைந்த கட்டண சமூகப் பிளான்கள் வைத்திருக்கின்றன. உங்கள் நிறுவனத்திடமே இருந்தால் அதற்கு மாற அபராதம் உண்டா என்று விசாரியுங்கள்.

விலை உயர்வுச் செய்திகள் வரும் காலத்தில் மோசடிக்காரர்களும் வருவார்கள். 'உங்கள் நெட்வொர்க்கிலிருந்து பேசுகிறோம், 40% தள்ளுபடி தருகிறோம், இப்போது வந்த குறியீட்டைச் சொல்லுங்கள்' என்பார்கள். அந்தக் குறியீடு உங்கள் கணக்கைத் திறக்கும் சாவி, உங்கள் பெயரில் புதுக் கைபேசியே வாங்கிவிடுவார்கள். வைத்துவிட்டு நீங்களே அழையுங்கள்: அந்தந்த நெட்வொர்க்கின் சிம்மிலிருந்து ஈஈ 150, வோடஃபோன் 191, ஓ2 202, த்ரீ 333. சந்தேகமான குறுஞ்செய்தியை 7726-க்கு அனுப்புங்கள்.

படி 5: மறுத்தால் புகார்

சேவை ஊழியர் மறுத்தால் வாதாடி நேரம் கழிக்கவேண்டாம். 'இதைக் கம்ப்ளெயின்டாகப் பதிவு செய்யுங்கள், எண் தாருங்கள்' என்று கேளுங்கள். அந்தச் சொல்லைச் சொல்லாவிட்டால் அதை வெறும் விசாரணையாக எடுத்துக்கொண்டு விட்டுவிடலாம்.

எழுத்தில் ஐந்து விஷயம் போதும்: ஒப்பந்தத் தேதி, சுருக்கத்தில் எழுதியிருந்த உயர்வு, அறிவிப்பு வந்த தேதியும் அதில் இருந்த தொகையும், நீங்கள் விலக விரும்புவதைத் தெரிவித்த தேதி, உங்களுக்கு என்ன வேண்டும். கடைசி விஷயத்தைத் துல்லியமாக எழுதுங்கள். 'நியாயம் வேண்டும்' என்று எழுதாமல், 'இந்தத் தேதியிலிருந்து கட்டணமின்றி ஒப்பந்தத்தை முடிக்கவேண்டும், கூடுதலாக எடுத்த இத்தனை பவுண்டைத் திருப்பித் தரவேண்டும்' என்று எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட்டுகளை இணையுங்கள். ஆங்கிலத்தில் எழுதச் சிரமமாக இருக்கும் பெரியவர்களுக்காகப் பிள்ளைகள் பேசலாம். ஆனால் கணக்கு வைத்திருப்பவரின் அனுமதியை நிறுவனத்தில் முதலில் பதிவு செய்யவேண்டும், இல்லையென்றால் தரவுப் பாதுகாப்பைச் சொல்லிப் பேச மறுப்பார்கள்.

புகார் கொடுத்து 6 வாரம் (2026 ஏப்ரல் 8-க்கு முன் கொடுத்த புகாரென்றால் 8 வாரம்) ஆகியும் தீராவிட்டால், அல்லது அதற்கு முன்பே 'இதற்குமேல் எங்களால் முடியாது' என்று நிறுவனம் டெட்லாக் கடிதம் கொடுத்துவிட்டால், சுதந்திரமான தீர்வு மன்றத்துக்குப் போகலாம். முதலிலேயே மறுத்துவிட்ட நிறுவனத்திடம் வாரக்கணக்கில் காத்திருக்காமல் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். மன்றங்கள் இரண்டு: கம்யூனிகேஷன்ஸ் ஆம்புட்ஸ்மன், சிசாஸ் (CISAS). உங்கள் நிறுவனம் எதில் சேர்ந்திருக்கிறது என்பது அதன் புகார் நடைமுறைப் பக்கத்தில் இருக்கும். உங்களுக்குச் செலவில்லை. தீர்ப்பை நீங்கள் ஏற்றால் நிறுவனம் கட்டுப்படவேண்டும், ஏற்காவிட்டால் நீதிமன்ற வழி உங்களுக்குத் திறந்தே இருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள்.

ஆஃப்காமுக்கு எழுதினால் தனிப்பட்ட வழக்கை எடுத்து நடத்தாது. ஆனாலும் தெரிவியுங்கள், ஒரே நிறுவனத்தின்மேல் புகார் குவிந்தால்தான் அது விசாரிக்கும்.

அடுத்த ஒப்பந்தத்தில் பார்க்கவேண்டியது

தொகையாகச் சொல்லும் முறையில் யாருக்கு அடி அதிகம் என்பது பலர் கவனிக்காத விஷயம். மாதம் 10 பவுண்ட் சிம் பிளானில் 6.4% உயர்வு வெறும் 64 பென்ஸ். அதே பிளானில் 2.50 பவுண்ட் உயர்வு என்றால் 25%. 60 பவுண்ட் பிளான் வைத்திருப்பவருக்கு நேர்மாறு: 6.4% என்றால் 3.84 பவுண்ட் கட்டியிருப்பார், இப்போது 2.50 போதும். மலிவான பிளான் எடுப்பவர்களே அதிக விழுக்காடு சுமக்கிறார்கள். ஆகவே சிறிய பிளான் தேடுபவர்கள் நடுவில் உயர்வே இல்லாத ஒப்பந்தத்தையோ, 30 நாள் சிம் பிளானையோ முதலில் பார்க்கவேண்டும். 30 நாள் பிளானிலும் விலை ஏறும், ஆனால் மறுமாதமே கிளம்பிவிடலாம்.

வாங்கும் மாதமும் விலையை மாற்றும். மாதம் 30 பவுண்ட், ஒவ்வோர் ஏப்ரலிலும் 2.50 உயர்வு, 24 மாதம். பிப்ரவரியில் தொடங்கினால் இரண்டு மாதத்திலேயே முதல் உயர்வு வந்துவிடும். 2 மாதம் 30, 12 மாதம் 32.50, 10 மாதம் 35, மொத்தம் 800 பவுண்ட். மே மாதம் தொடங்கினால் 11 மாதம் 30, 12 மாதம் 32.50, ஒரே மாதம் 35, மொத்தம் 755. வாசலில் எழுதியிருந்த விலைப்படி 720 ஆகவேண்டும். சில நிறுவனங்கள் ஆண்டு தொடக்கத்தில் சேர்ந்தவர்களுக்கு அந்த ஏப்ரல் உயர்வை விட்டுவிடுகின்றன, ஒப்பந்தச் சுருக்கத்தில் முதல் உயர்வு எந்த மாதம், எந்த வருடம் என்று தேடுங்கள். ஒப்பிடும்போது மாத விலையை ஒப்பிடாமல் இப்படி 24 மாதத்தையும் கூட்டி ஒப்பிடுங்கள். அந்த உயர்வு கைபேசித் தவணைக்கும் சேர்த்தா, சேவைக்கு மட்டுமா என்பதையும் அங்கேயே கேட்டு, பதிலைச் சாட்டில் எழுதி வாங்கிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.